முதியோர் செவிக்கு ஏற்ற ஒலிபெருக்கும் கருவி

முதுமையினாலோ நெடுங்கால இரைச்சலினாலோ செவித்திறன் குன்றியவர்கள் கூறும் குறை பெரும்பாலும் ஒன்றே. “பேசுவது கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்பதுதான் விளங்கவில்லை” என்பர். இக்குறையின் காரணத்தை அறிந்துகொண்டால், குறைந்த செலவில் எத்தகைய கருவி பயன்படும், எது பயன்படாது என்பதும் புலனாகும்.

உட்செவியில் நத்தைக் கூட்டைப்போற் சுருண்ட குழல் ஒன்று உண்டு. ஒலியை உணரும் நுண்மயிர் உயிரணுக்கள் அதனுள் வரிசையாக அமைந்துள்ளன. குழலின் வாயிலை அடுத்தவை கீச்சொலிகளையும், உட்கோடியிலுள்ளவை தாழ்ந்த ஒலிகளையும் உணர்கின்றன. முதுமையில் முதலில் நலிவன வாயிலை அடுத்த உயிரணுக்களே. இரைச்சலால் விளையும் கேடு, வினாடிக்கு 4,000 அதிர்வுகளை ஒட்டிய பகுதியிற் பெரும்பாலும் தொடங்குகிறது. அழிந்த நுண்மயிர் உயிரணு மனிதச் செவியில் மீண்டும் முளைப்பதில்லை.

பேச்சில் உயிரொலிகள் வலிமையும் தாழ்ந்த அதிர்வும் உடையவை. க, ச, த, ப போன்ற வல்லினமோ வலிமை குறைந்தது, அதிர்வு மிக்கது. ஆகவே அத்தகையோருக்குப் ‘பட்டு’, ‘தட்டு’, ‘கட்டு’ என்னும் மூன்று சொற்களும் ஏறக்குறைய ஒன்றாகவே ஒலிக்கும். குரல் கேட்டும் பொருள் விளங்காமைக்கு இதுவே காரணம். வீட்டார் எண்ணுவதுபோல் அது கவனக்குறைவன்று.

இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் தேயிலைத் தொழிற்சாலைகளின் உருட்டுப் பொறிகள், சல்லடைகள், உலர்த்தும் விசிறிகள் ஆகியவற்றின் நடுவே நின்று ஓய்வு பெற்ற தமிழ்த் தொழிலாளர் பலர் உள்ளனர். பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டில் எஃகு ஆலைகள் உள்ளன. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபெல் என்பதே இந்தியத் தொழிற்சாலை விதிகள் வகுத்த எல்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் 1987-இல் சேர்க்கப்பட்ட அட்டவணையிலேயே, இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்றாக இடம்பெற்றுவிட்டது. எனவே பணியில் இருப்போர் செவி மந்தமாவதை மறைத்து வைத்தல் தகாது.

சில நூறு ரூபாய்க்கு விற்கப்படும் ஒலிபெருக்கிகள் எல்லா ஒலியையும் ஏறத்தாழ ஒரே அளவிற் பெருக்குகின்றன. தகரக் கூரையின்மேல் விழும் மழை, ஜீப்பின் உறுமல் ஆகிய ஒலிகளே மேலோங்கும். தேவையான வல்லினம் அவற்றினடியில் மூழ்கிவிடும். அணிந்தவர் மேலும் மேலும் திருகியை முறுக்குவார். இதில் ஆபத்தும் உண்டு. நலிந்த செவிக்குக் கேட்கத் தொடங்கும் அளவிற்கும் பொறுக்க இயலாத அளவிற்கும் இடைவெளி குறுகியது. எல்லையற்ற பெருக்கம் எஞ்சிய உயிரணுக்களையும் கெடுக்கும். முறையான செவிக்கருவியோ, குறைபட்ட அதிர்வெண்களை மட்டும் மிகுதியாகப் பெருக்கி, பேரொலி வரும்போது தன்னைத்தானே அடக்கிக்கொள்கிறது. மருத்துவர் சீட்டின்றி விற்கப்படும் செவிக்கருவிகளுக்கு அமெரிக்க அரசு 2022-இல் விதித்த உச்ச ஒலி அளவு 111 டெசிபெல்; பேரொலியை அடக்கும் அமைப்பு இருப்பின் 117. இந்த எண்ணைக் கேட்டுச் சொல்ல இயலாத கடைக்காரரிடம் வாங்காதிருப்பதே நலம்.

வாங்குமுன் செவிச்சோதனை இன்றியமையாதது. இடுக்கி, பாலக்காடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளையோ, எல்லைக்கு அப்பால் தேனி, கோவை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளையோ நாடலாம். குறும்பி அடைத்திருந்தால் அதை நீக்கிய அளவிலேயே சிலருக்குக் கருவி வேண்டாததாகிவிடும். திடீரெனச் செவி அடைத்தாலும், ஒரு காது மட்டும் மந்தமானாலும், சீழ் வடிந்தாலும், தலை சுற்றினாலும் கருவியைத் தேடுதல் கூடாது. உடனே மருத்துவரைக் காண வேண்டும். சோதனையில் வரையும் ஆடியோகிராம் படத்தின் நகலை வாங்கி வைத்துக்கொள்க. அதற்கேற்ப அமைத்துத் தரும் கருவியைச் சில நாள் அணிந்து பார்க்க இசையும் விற்பனையாளரையே நாடுக.

செலவிடுமுன் அரசு உதவியையும் விசாரித்தல் நன்று. 2017-இல் தொடங்கிய ராஷ்ட்ரீய வயோஶ்ரீ திட்டத்தின்கீழ், வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ள அல்லது மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மேற்படாத, 60 வயது நிறைந்தோருக்கு முகாம்கள் வாயிலாகச் செவிக்கருவி இலவசமாக வழங்கப்படுகிறது. மாற்றுத்திறனாளர் சான்றிதழ் பெறும் வழி குறுகலானது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இரு செவிகளிலும் 60 டெசிபெல் இழப்பையே கேள்விக் குறையின் தொடக்கமாகக் கொள்கிறது. மிதமான குறையுடைய முதியோர் பலருக்கு அச்சான்று கிட்டாது. அவர்கள் முதலிற் குறிப்பிட்ட திட்டத்தையே நாட வேண்டும்.

காதின் பின்னே மாட்டும் கருவியே பொதுவாக மேலானது. ஆயினும் உழைத்துக் காய்த்த விரல்களுக்கு அதன் சிறு பொத்தான்கள் அகப்படுவதில்லை. அத்தகையோர், சட்டைப்பையில் வைக்கும் பெரிய கருவியை இழிவாகக் கருத வேண்டியதில்லை. துணி உரசும் ஓசை அதில் ஒரு தொல்லை எனினும், எங்கும் கிடைக்கும் பென்சில் மின்கலம் அதற்குப் போதும். காதில் மாட்டும் கருவிகளின் பொத்தான் மின்கலங்களோ, ஒட்டிய தாளை உரித்ததும் காற்றுப்பட்டுச் செலவாகத் தொடங்கும். வேண்டும்போதன்றி உரித்தல் கூடாது.

முதல் சில வாரங்கள் தம் குரலே அயலாருடையதுபோல் ஒலிக்கும். அமைதியான அறையில் ஒருவருடன் பேசிப் பழகிய பின்னரே சந்தைக்கு அணிந்து செல்ல வேண்டும். வீட்டார் பேசும் தொலைவைப் பாதியாகக் குறைத்தால், திறந்த வெளியில் ஏறக்குறைய 6 டெசிபெல் ஒலி செலவின்றியே கூடுகிறது. மூணாற்றுப் பக்கத்து மழைக்காலத்தில் ஈரமே கருவியின் முதற்பகை. இரவில் மின்கலத்தைக் கழற்றி, கருவியைச் சிலிக்கா ஜெல் மணிகள் இட்ட மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். உலர்த்துவதற்காக அடுப்பருகே வைப்பது கருவியைப் பாழாக்கும்.