மரபு நடை

காலை எட்டு மணி. அகமதாபாத் நகரின் காலுப்பூர்ப் பகுதியில் உள்ள சுவாமிநாராயண் கோயிலின் முன்றிலில் சிறு கூட்டம் ஒன்று கூடி நிற்கிறது. சிலர் வெளிநாட்டார், சிலர் வெளியூரார். இந்நகரிலேயே பிறந்து வளர்ந்தும் இப்பகுதியின் தெருக்களுள் ஒருநாளும் நுழைந்திராதவர்களும் அவர்களுள் இருக்கின்றனர். வழிகாட்டி முன்செல்ல, அனைவரும் நடக்கத் தொடங்குகின்றனர். தொலைவு ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர்தான். ஆயினும் அதனைக் கடக்க இரண்டு மணி நேரத்திற்கு மேலாகும். இந்நடையில் நடப்பதைவிட நிற்பதே மிகுதி.

இதனை ‘மரபு நடை’ என்பர். அகமதாபாத் மாநகராட்சி 1997 நவம்பர் 19 அன்று இதனைத் தொடங்கியது. 1411இல் சுல்தான் அகமது ஷா சபர்மதி ஆற்றங்கரையில் நிறுவிய நகரம் இது. நடை தொடங்கும் கோயில் 1822இல் எழுந்தது. நடை முடியும் ஜாமா மசூதி 1424இல் கட்டி முடிக்கப்பட்டது. எனவே, முன்னோக்கி நடப்பவர்கள் காலத்தில் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்கின்றனர்.

கோயிலைக் கடந்ததும் தெரு குறுகுகிறது. வாயிற்கதவு ஒன்றைத் தாண்டி உள்ளே சென்றால், எதிரெதிரே நெருங்கி நிற்கும் வீடுகளைக் காணலாம். இத்தகைய குடியிருப்புக்குப் ‘போள்’ என்று பெயர். உறவினரும் ஒரே தொழில் செய்வோரும் ஒரு போளில் சேர்ந்து வாழ்ந்தனர். இரவில் வாயிற்கதவு அடைக்கப்படும். ஆபத்துக் காலத்தில் ஒரு போளிலிருந்து மற்றொன்றுக்குத் தப்பிச் செல்ல மறைவழிகளும் இருந்தன. இங்கே வழிகாட்டி குரலைத் தாழ்த்திப் பேசுகிறார். இவை காட்சிக்கூடங்கள் அல்ல; உள்ளே ஒருவர் காலை உணவு சமைத்துக் கொண்டிருப்பார்.

ஒவ்வொரு வீட்டின் முன்னும் ‘ஓட்லோ’ எனப்படும் மேடை உண்டு. நம் ஊர்த் திண்ணையைக் கண்டவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. உள்ளே முற்றம். அதன்வழியே வெளிச்சமும் காற்றும் வீட்டினுள் வருகின்றன. தெருமுனையில் உயர்ந்த தூணின்மேல் சிறு மண்டபம் போன்று நிற்பது ‘சபூத்ரோ’. பறவைகளுக்குத் தானியம் இடுவதற்காகவே அது கட்டப்பட்டது.

எல்லாவற்றினும் வியப்பூட்டுவது நம் கண்ணுக்குத் தெரியாத ஒன்று. முற்றத்தின் அடியில், நிலத்திற்குள் ‘டாங்கா’ என்னும் தொட்டி இருக்கிறது. முதல் மழையைக் கூரையைக் கழுவிச் செல்ல விட்டுவிடுவர். பின்னர்ப் பெய்யும் மழைநீரைக் குழாய் வழியாகத் தொட்டிக்குள் செலுத்துவர். வெயில் படாமையால் அந்நீர் பாசி பிடிக்காது. கோடை கடுமையாக உள்ள இவ்வூரில், ஒரு குடும்பம் ஆண்டு முழுவதும் அருந்தும் நீரைத் தன் காலடியிலேயே சேர்த்து வைத்திருந்தது. இன்று மழைநீர்ச் சேகரிப்பு என்று நாம் பாடநூலில் படிப்பது இங்கே ஒவ்வொரு நாளும் கையாளப்பட்ட வழக்கம்.

லம்பேஷ்வர் போளில் தல்பத்ராம் என்னும் குஜராத்திக் கவிஞர் (1820–1898) வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கிறார், வெண்கலச் சிலையாக. அருகில் அமர்ந்து படம் எடுத்துக் கொள்ளாத சிறுவர் குறைவு. ஆனால் அவருக்குப் பின்னே வீடு இல்லை. அவர் வாழ்ந்த வீடு அழிந்துபோனது. முகப்பு மட்டுமே நினைவாக மீண்டும் எழுப்பப்பட்டுள்ளது.

மற்ற வீடுகளின் நிலையும் கவலைக்குரியதே. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தை உலுக்கிய நிலநடுக்கத்தில், இந்நகரின் புதிய அடுக்குமாடிக் கட்டடங்கள் பல சரிந்தன. மரச்சட்டங்களால் பிணைக்கப்பட்ட பழைய வீடுகளோ பெரும்பாலும் நிலைத்து நின்றன. நிலநடுக்கம் வீழ்த்தாத வீட்டைப் பூட்டிய கதவு வீழ்த்திவிடுகிறது. பிள்ளைகள் ஆற்றின் மறுகரைக்குக் குடிபெயர்கின்றனர். பழுது பார்க்கச் செலவு மிகுதி. சொத்தில் பங்காளிகள் பலர். செதுக்கிய தூண்களும் சாளரங்களும் தனித்தனியே விலைபோகின்றன. 2017இல் யுனெஸ்கோ இப்பழைய நகரை உலக மரபு நகராக அறிவித்தது. இந்தியாவில் இப்பெருமையைப் பெற்ற முதல் நகரம் இதுவே. அவ்வறிவிப்புக்குப் பின்னரும் வீடுகள் காலியாகின்றன.

நடை மாணேக் சௌக்கை அடைகிறது. காலையில் பசுக்களுக்குப் புல் விற்கும் இடம். பகலில் நகைக்கடை வீதி. இரவில் உணவுச் சந்தை. அதனை அடுத்து ஜாமா மசூதி. அதன் 260 தூண்களிடையே நிற்கும்போது வெளியே கேட்ட கடைத்தெரு ஓசை தேய்ந்து மறைகிறது.

இந்நகரில் தமிழர்களும் வாழ்கின்றனர். 1861இல் இங்கே முதல் பஞ்சாலை இயங்கத் தொடங்கியது. ஆலைகள் பெருகிய காலத்தில் வேலை தேடித் தமிழகத்திலிருந்து குடும்பங்கள் வந்து, மணிநகர் முதலிய பகுதிகளில் தங்கின. அவர்கள் நடந்து சென்ற ஆலைத் தெருக்கள் இம்மரபு நடையில் இடம்பெறவில்லை. அவ்வழியை அறிந்தவர்கள் அக்குடும்பங்களின் முதியோரே.

சொற்பொருள்

முன்றில் – முன்னிடம்
சாளரம் – சன்னல்
பங்காளி – சொத்தில் பங்குடைய உறவினர்

பயிற்சி

1. டாங்காவில் முதல் மழைநீரைச் சேர்க்காமைக்குக் காரணம் யாது?

2. ‘நிலநடுக்கம் வீழ்த்தாத வீட்டைப் பூட்டிய கதவு வீழ்த்திவிடுகிறது’ – இத்தொடரின் பொருளை உம் சொற்களில் எழுதுக.

3. திண்ணை, ஓட்லோ இரண்டும் எவற்றிற்குப் பயன்பட்டிருக்கும்? வீட்டுப் பெரியோரிடம் கேட்டு ஐந்து வரிகள் எழுதுக.

4. உம் குடும்பத்தார் இவ்வூருக்கு வந்தபோது முதலில் எங்கே தங்கினர்? அவ்விடத்திற்கு அவர்களுடன் நடந்து சென்று, வழியில் கண்ட மூன்று பழைய கட்டடங்களைக் குறித்து வருக. அவற்றுள் ஒன்றைப் பற்றி, வகுப்பில் வழிகாட்டியாக நின்று பேசுக.