ஆலை கைமாறும் முன்: ஓர் இளம் ஆடிட்டருக்கு



நன்னிலம் பக்கத்து அரிசி ஆலை முதலாளி ஒருவர் ஆலையை விற்று விலக எண்ணி, அதற்கான ஆயத்தங்களை உன் பொறுப்பில் விட்டிருப்பதாக எழுதியிருக்கிறாய்; ஆனால் கேள்விகளெல்லாம் கிரயப் பத்திரத்தைப் பற்றியே இருக்கின்றன. பத்திரம் ஒரு நாள் காரியம். அதற்கு முந்திய ஒரு வருஷமே உன் வித்தைக்குப் பரீட்சை.

வீரப்ப பிள்ளைக்கும் கும்பகோணம் ராமன் அண்ட் ராமன் கம்பெனிக்கும் நடந்து, 1952-ல் சுப்ரீம் கோர்ட்டில் முடிந்த வழக்கைத் தேடிப் படி. தஞ்சை ஜில்லாவில் ஐந்து பஸ்களை வைத்திருந்தவர் அவற்றைப் பர்மிட்டுகளோடு ஒருவருக்கு விற்றுவிட்டு, பெயர் மாறுவதற்கு முன்பே மற்றொரு தரப்போடும் ஏற்பாடு செய்துகொண்டதால், அவற்றை யார் ஓட்டுவது என்ற கேள்வி அதிகாரிகளுக்கும் கோர்ட்டுக்குமாக வருஷக்கணக்கில் அலைந்தது. வக்கீல்கள் அதை ரிட் அதிகாரத்தின் எல்லையை அறியப் படிக்கிறார்கள். நமக்கோ, பொருளை விற்பது வேறு, அதை நடத்தும் அனுமதி கைமாறுவது வேறு என்பதற்கு அதுவே சாட்சி.

ஆலையிலும் அப்படித்தான். தனி முதலாளியின் ஜி.எஸ்.டி. பதிவு அவருடைய பான் எண்ணைச் சார்ந்தது. வாங்குகிறவர் புதிதாகப் பெற வேண்டும். எஞ்சிய உள்ளீட்டு வரி வரவை ஐ.டி.சி.-02 படிவத்தில் மாற்ற ஆடிட்டர் சான்றும் தேவை. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவு, மின் இணைப்பு, நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் அரவை ஒப்பந்தம் ஆகியவற்றை இப்போதே விசாரி.

இவையெல்லாம் காகிதம். நெல்லைப் பல்லில் கடித்தே ஈரம் சொல்லும் சாமர்த்தியமும், தரகர்களுக்குக் கொடுத்த முன்பணத்தின் கணக்கும் முதலாளியின் தேகத்தோடு ஒட்டியிருக்கின்றனவே, அவற்றை எந்தப் பத்திரம் மாற்றிக் கொடுக்கும்? தை, மாசியில் சம்பா நெல் வந்து குவியும்போது, காசி யாத்திரை என்றோ பேரப்பிள்ளைகளைப் பார்க்க என்றோ அவரை ஒரு மாதம் வெளியூருக்கு அனுப்பிவிட்டு, ஆலையிலிருந்து அவருக்குப் போகும் ஒவ்வொரு தொலைபேசிக் கேள்வியையும் மானேஜரைக் குறித்து வைக்கச் சொல். அந்தக் குறிப்பேடே நீ செய்ய வேண்டிய வேலையின் ஜாபிதா.

விற்ற பிறகும் பழைய நாற்காலியில் வந்து உட்கார்கிற முதலாளிகள் உண்டு. பாசம்தான், ஆனாலும் வேலையாட்கள் யார் சொல்லைக் கேட்பது? ஒரு பருவம் வரை ஆலோசனை சொல்லலாம் என்று ஒப்பந்தத்தில் வரையறு. 1872-ஆம் வருஷ ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, தொழிலின் நற்பெயரை விற்றவர் குறிப்பிட்ட எல்லைக்குள் அதே தொழிலை நடத்தாதிருக்க நியாயமான நிபந்தனையை அனுமதிக்கிறது, அதையும் எழுது.

தொழிலாளரின் பணிக்கொடைப் பாக்கியை விலை பேசும் முன்பே கணக்கிட்டுக் காட்டிவிடு. முதலாளி முகம் சுளிப்பார், காட்டத்தான் வேண்டும்.