முதல் விண்டோ: பைத்தானில் ஒரு நகைக் கணக்கு நிரல்

பைத்தானில் இஃப், ஃபார், ஃபங்ஷன் வரை கற்றவர்கள் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். கறுப்புத் திரையில் ஓடும் நிரலை வீட்டில் வேறு யாரும் தொடுவதில்லை. அதனால் எழுதியவருக்கும் ஆர்வம் வடிந்துவிடுகிறது. பட்டனை அழுத்தினால் விடை சொல்லும் ஒரு விண்டோவை எழுதி முடித்துவிட்டால், அம்மாவோ அக்காவோ அதை எடுத்துப் பயன்படுத்துவார்கள். அதற்கு, விண்டோக்கள் உருவாக்க உதவும் 'டிகின்டர்' என்ற பைத்தான் தொகுதி போதும்.

நாம் செய்யப்போவது நகைக்கடைக் கணக்கு. கிராம் விலை, எடை, சேதார சதவீதம் மூன்றையும் கொடுத்தால், ஜிஎஸ்டி சேர்த்துக் கட்ட வேண்டிய தொகை வர வேண்டும்.

1. டிகின்டர் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸில் பைத்தானை நிறுவும்போதே வழக்கமாக டிகின்டரும் வந்துவிடும். உபுண்டுவில் அதற்கான தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். உங்கள் கோப்புக்கு மட்டும் டிகின்டர் என்றே பெயர் வைத்துவிடாதீர்கள். வைத்தால், பைத்தான் உண்மையான டிகின்டரை விட்டுவிட்டு உங்கள் கோப்பையே இம்போர்ட் செய்யும்.

2. தாளில் வரையுங்கள். இடப்பக்கம் மூன்று பெயர்கள், வலப்பக்கம் மூன்று பெட்டிகள், கீழே ஒரு பட்டன், அதற்கும் கீழே விடை. ஒவ்வொன்றுக்கும் வரிசை எண்ணும் நெடுவரிசை எண்ணும் போடுங்கள். இரண்டும் 0-இலிருந்து தொடங்கும்.

3. கணக்கை முதலில் எழுதுங்கள். விண்டோவைப் பற்றி எதுவும் தெரியாத ஒரு ஃபங்ஷனாக இது இருக்கட்டும். எடையோடு சேதாரத்தைக் கூட்டி, கிராம் விலையால் பெருக்கி, 3 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்க்க வேண்டும். வரி மாறினால் ஒரே இடத்தில் திருத்த வசதியாக, அந்த 3-ஐக் கோப்பின் தலையில் தனி மாறியாக வையுங்கள். பைத்தான் 3-இல் மாறிக்கு 'கிராம்_விலை' என்று தமிழிலேயே பெயரிடலாம்.

கையால் சரிபாருங்கள்: கிராம் 10,000 ரூபாய், எடை 8 கிராம், சேதாரம் 10 சதவீதம் என்றால் 8.8 கிராமுக்கு 88,000 ரூபாய்; ஜிஎஸ்டி 2,640; மொத்தம் 90,640. இந்த விடை வந்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

4. விண்டோவைத் திறங்கள். டிகின்டரின் 'டிகே' கிளாஸை அழைத்தால் விண்டோ உருவாகும். கோப்பின் கடைசி வரி 'மெயின்லூப்'. இதுவரை நீங்கள் எழுதிய நிரல்கள் மேலிருந்து கீழாக ஓடி முடிந்தன. இந்த நிரல் அப்படித் தானாக முடியாது; கடையைத் திறந்துவைத்து வாடிக்கையாளருக்காகக் காத்திருப்பவரைப் போல, யாராவது எதையாவது அழுத்தும்வரை காத்திருக்கும். வரைகலை நிரலாக்கத்தில் புரிந்துகொள்ள வேண்டிய பெரிய விஷயம் இதுதான்.

5. பெட்டிகளை அடுக்குங்கள். பெயருக்கும் விடைக்கும் 'லேபிள்', தட்டச்சுப் பெட்டிக்கு 'என்ட்ரி', இடம் குறிக்க 'கிரிட்'. என்ட்ரியை உருவாக்குவதையும் கிரிட் போடுவதையும் தனித்தனி வரிகளில் எழுதுங்கள். ஒரே வரியில் சேர்த்தால், மாறியில் பெட்டிக்குப் பதில் 'நன்' என்ற வெற்று மதிப்புதான் நிற்கும்.

6. பட்டனை இணையுங்கள். பட்டன் அழுத்தப்பட்டதும் ஓட இன்னொரு ஃபங்ஷன் வேண்டும். பெட்டிகளில் உள்ளதை 'கெட்' மூலம் எடுத்து, மூன்றாம் படியில் எழுதிய ஃபங்ஷனிடம் கொடுத்து, விடையை லேபிளில் காட்டுவது அதன் வேலை. பட்டனின் 'கமாண்ட்' என்ற இடத்தில் இந்த ஃபங்ஷனின் பெயரை மட்டும் எழுதுங்கள். பின்னால் அடைப்புக்குறி கூடாது. போட்டால் விண்டோ திறக்கும்போதே ஃபங்ஷன் ஒருமுறை ஓடிவிடும். அதன்பின் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது.

7. தவறான உள்ளீட்டுக்குத் தயாராகுங்கள். 'கெட்' தருவது எண்ணல்ல, எழுத்துத் தொடர். 'ஃப்ளோட்' கொண்டு அதை எண்ணாக மாற்ற வேண்டும். பெட்டி காலியாக இருந்தாலோ, 10,000 என்று கால்புள்ளியோடு தட்டினாலோ 'வேல்யூ எரர்' வரும். கால்புள்ளியை 'ரீப்ளேஸ்' கொண்டு நீக்குங்கள். மற்றவற்றை 'ட்ரை', 'எக்செப்ட்' கொண்டு பிடித்து, 'எண்ணை மட்டும் எழுதுங்கள்' என்று விடை லேபிளிலேயே சொல்லுங்கள். பயன்படுத்துபவருக்கு நீங்கள் காட்டும் மரியாதை இந்தப் படியில்தான் இருக்கிறது.

8. மற்றவர் கையில் கொடுங்கள். பைஇன்ஸ்டாலர் என்ற கருவி, பைத்தான் இல்லாத கணினியிலும் ஓடும்படி நிரலைக் கட்டித்தரும். விண்டோஸுக்கு வேண்டுமென்றால் விண்டோஸ் கணினியிலேயே கட்ட வேண்டும்.

செய்கூலியைத் தனியாக வாங்கும் கடைக்கு நான்காவது பெட்டி தேவைப்படும். அதை நீங்களே சேர்த்துப் பாருங்கள். பிறகு பெயர்களையும் கணக்கு ஃபங்ஷனையும் மட்டும் மாற்றினால், இதே விண்டோ வட்டிக் கணக்கும் போடும், பெட்ரோல் செலவும் சொல்லும். கணக்கை விண்டோவிலிருந்து பிரித்து எழுதச் சொன்னது இதற்காகத்தான்.