கண்ணாடி மாற்றினால் வாசிப்பு வந்துவிடுமா?

"எழுத்தெல்லாம் அவனுக்குத் தலைகீழாகத் தெரியுதாம். முதலில் கண்ணைக் காட்டுங்க."

வாசிக்கத் திணறும் பிள்ளையின் பெற்றோருக்கு அக்கம்பக்கத்தில் கிடைக்கும் முதல் யோசனை இது. பழி கண்மேல் விழுந்ததற்குக் காரணம் உண்டு. இந்த வாசிப்புக் குறைபாட்டுக்கு டிஸ்லெக்ஸியா என்ற பெயரை 1887இல் வைத்த ருடால்ஃப் பெர்லினே ஜெர்மானியக் கண் மருத்துவர்தான். 2007இல் வந்த 'தாரே ஜமீன் பர்' படத்தில் எழுத்துகள் பக்கத்தில் துள்ளி விளையாடின, அந்தக் காட்சியும் மனத்தில் ஒட்டிக்கொண்டது. ஆனால் சிக்கல் பெரும்பாலும் ஒலியில் இருக்கிறது. ஒரு சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்தறிவதும், எழுத்தைப் பார்த்ததும் ஒலியைச் சட்டென்று எடுப்பதும்தான் இந்தப் பிள்ளைகளுக்குக் கடினம். ஆங்கிலத்தின் சின்ன 'பி', 'டி'யை மாற்றி எழுதுவது ஆறேழு வயதுவரை பல குழந்தைகளிடம் காணப்படுவதே. நிறக் கண்ணாடிகளும் கண் பயிற்சிகளும் டிஸ்லெக்ஸியாவைத் தீர்ப்பதற்குச் சான்றில்லை என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009இல் கூட்டாகவே அறிவித்தார்கள்.

"தமிழ் எழுதியபடியே படிக்கிற மொழி. அந்த வியாதி இங்கிலீஷ்காரர்களுக்கு."

முதலில், இது வியாதி அல்ல. இரண்டாவது, பாதி உண்மைதான் இங்கே பெரிய தொல்லை. தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உறவு ஆங்கிலத்தைவிட ஒழுங்கானது. ஆனாலும் 'கடல்', 'அகம்', 'தங்கம்' மூன்றிலும் 'க' ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. 'கெ' எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ'வில் உயிரொலி ஒன்றுதான், அதன் குறி மெய்யின் இரு பக்கமும் பிரிந்து கிடக்கிறது.

இன்னொரு நுட்பம்: 'படம்' என்பதில் எழுத்து மூன்று, ஒலியன் ஐந்து (ப், அ, ட், அ, ம்). 'பல்' என்ற சொல்லில் முதல் ஒலியை மட்டும் எடுத்துவிடச் சொன்னால் பல குழந்தைகள் 'ல்' என்பார்கள். சரியான விடை 'அல்'. அவர்களுக்கு 'ப' என்பது பிரிக்க முடியாத ஒரே துண்டு. ப் + அ = ப என்று மெய்யையும் உயிரையும் சேர்த்துக் காட்டும் பழைய பாடத்தை வெறும் மனப்பாட வேலை என்று தள்ளுவோருக்கு ஒரு வார்த்தை: ஒலியைப் பிரிக்கவும் கூட்டவும் நம்மிடம் உள்ள நல்ல கருவி அதுதான். 247 எழுத்துகளையும் படம்போல மனத்தில் ஒட்டவைப்பது அந்த வேலையைச் செய்யாது.

ஒழுங்கான எழுத்துமுறையில் குறைபாடு வேறு முகம் காட்டும். இத்தாலிய, பிரெஞ்சு, ஆங்கில வாசகர்களை ஒப்பிட்டு 2001இல் வெளியான பவுலேசு குழுவின் ஆய்வில், டிஸ்லெக்ஸியா உள்ள இத்தாலியர்கள் மற்ற இருவரையும்விடச் சரியாக வாசித்தார்கள். மூளையில் தெரிந்த வேறுபாடோ மூவருக்கும் ஒன்றே. இந்த முகம் தமிழ் வகுப்பிலும் தெரியும். நாலாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டியே படிக்கும் பிள்ளை தப்பில்லாமல் முடித்துவிடுவதால், 'மெதுவான பையன்' என்ற முத்திரையோடு ஒதுங்கிவிடுகிறான். தமிழ் ஆசிரியர் பிழைகளை எண்ணினால் போதாது, வேகத்தையும் கவனிக்க வேண்டும்.

"அவள் கடகடவென்று வாசிக்கிறாளே, அப்புறம் என்ன?"

வாசித்ததைச் சொல்லச் சொல்லுங்கள். எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசிப்பு என்று கஃப், டன்மர் இருவரும் 1986இல் விளக்கினார்கள். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். பேச்சிலேயே நீண்ட வாக்கியம் பிடிபடாத குழந்தைக்கு மொழிவளர்ச்சிக் குறைபாடு இருக்கலாம். அது டிஸ்லெக்ஸியா அல்ல, பயிற்சியும் வேறு.

"வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி. அதனால்தான்." இல்லை. இரு மொழிகள் குறைபாட்டை உண்டாக்குவதில்லை. வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்லும் ஆலோசகரை மாற்றுங்கள்.

"வளர்ந்தால் சரியாகிவிடும்."

பயிற்சி இல்லாமல் ஆகாது. காத்திருக்கும் வருடங்களில் பாடம் எல்லாமே வாசிப்பை நம்பியதாகிவிடும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், டிஸ்லெக்ஸியாவும் அடங்கிய 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' சேர்ந்திருக்கிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கேட்கலாம், ஆனால் சான்றிதழ் வேண்டும். அதைப் பத்தாம் வகுப்பு ஜனவரியில் தேடி ஓடுவோர்தான் அதிகம்.