ஆறு பேருக்கு ஐரோப்பா டிக்கெட்

டிக்கெட் தேடும்போது எடுத்த எடுப்பிலேயே ‘6 பேர்’ என்று போடாதீர்கள். மலிவு விலையில் நான்கு இடம்தான் மீதி என்றால், பெரும்பாலான தளங்கள் ஆறு பேருக்குமே அடுத்த விலையைக் காட்டிவிடும். முதலில் ஒருவருக்குத் தேடுங்கள்; பிறகு ஒவ்வொருவராகக் கூட்டுங்கள். விலை எங்கே தாவுகிறதோ, அங்கே பிரித்து இரண்டு முன்பதிவாகச் செய்யலாம். ஆனால் விமானம் ரத்தானால் இரு குழுவையும் வேறு வேறு விமானத்தில் ஏற்றிவிடக்கூடும். அதனால் தாத்தா பாட்டியைத் தனிக் குழுவாக்க வேண்டாம்; குழந்தைகளோடு பெரியவர் ஒருவர் கட்டாயம்.

ஜூலை, ஆகஸ்டில் ஐரோப்பியர்களே விடுமுறையில் அலைவார்கள். பிள்ளைகளுக்குத் தேர்வு முடிந்த கையோடு கிளம்பிவிடுவது மேல். சென்னையிலிருந்து நேரடி விமானத்தை, தோஹா, துபாய் வழி விலையோடு ஒப்பிடுங்கள். ரோமில் இறங்கி, பாரிஸில் திரும்ப ஏறும் டிக்கெட்டையும் பாருங்கள்; ரோமுக்கே திரும்பும் செலவு ஆறு பேருக்கு மிச்சம்.

கைக்குழந்தைக்குக் கட்டணம் குறைவுதான். ஆனால் பயணத்தின் நடுவே 2 வயது நிறைந்தால், திரும்பும்போது தனி இருக்கை வாங்க வேண்டும். ஷெங்கன் விசாவுக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 6 வயதுக்குட்பட்டவர்களுக்கு விசாக் கட்டணம் இல்லை.