துரிஞ்சிலும் குடியானவனும்

கோயில் மண்டபங்களிலும், பாழடைந்த சாவடிகளிலும், மலைக்குகைகளிலும் தலைகீழாகத் தொங்கும் சிறு வௌவாலைத் துரிஞ்சில் என்பர். தோப்புகளில் பழம் தின்னும் பெரிய வௌவால் வேறு; இது வேறு. துரிஞ்சில் பழத்தையோ தானியத்தையோ தீண்டுவதில்லை. பூச்சிகளே இதன் ஆகாரம். இவ்வேற்றுமையை உணராது இரண்டையும் ஒன்றாக எண்ணிப் புகையிட்டு அழிப்பது, குடியானவன் தன் கையாலேயே தனக்கு நஷ்டம் தேடிக்கொள்வதாகும்.

துரிஞ்சில்களில் பல இனங்கள் உண்டு. அவற்றுள் நம் ஜில்லாக்களில் காணப்படும் இலைமூக்குத் துரிஞ்சில் ஒன்றை இங்கு ஆராய்வோம். இது இந்தியாவிலும் இலங்கையிலும் மாத்திரமே வாழ்வது. தரங்கம்பாடியில் கிடைத்த பிராணியைக் கொண்டு 1800ஆம் ஆண்டில் ஷ்னைடர் என்னும் ஜெர்மானிய அறிஞர் இதற்குச் சாஸ்திரப் பெயரிட்டார். இதன் எடை ஏறக்குறைய 10 கிராம். மூக்கின்மேல் இலைபோன்ற தோல்மடிப்பு இருப்பதே இதன் அடையாளம்.

இதற்குக் கண் தெரியாது என்பது தவறு. ஆயினும் இருளில் இரை தேடுவதற்குச் செவியையே நம்புகின்றது. மூக்கின் வழியாக ஒலியெழுப்பி, அது பூச்சியின்மேல் பட்டுத் திரும்புவதைக் கேட்டு, இரையின் இடத்தை அறிகின்றது. அவ்வொலி வினாடிக்கு 1,20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்டது. மனிதர் செவிக்கு 20,000 வரையே எட்டுமாதலால் நமக்கு அது கேட்பதில்லை. வண்டு, ஈசல், அந்துப்பூச்சி முதலியவற்றை இவ்வாறு பிடித்து உண்ணும். பூச்சியுண்ணும் வௌவால்கள் பொதுவாக ஓரிரவில் தம் எடையில் கால் பங்குக்கு மேலும் உண்ண வல்லவை. நெற்குருத்தைத் துளைக்கும் புழுவின் தாயாகிய அந்துப்பூச்சியும் இரவில் பறப்பதே என்பதை நினைவிற் கொள்ளுக.

இவை கூட்டமாக வாழ்பவை. மதுரைக்கு அருகிலுள்ள ஒரு குகையில் நடந்த ஆராய்ச்சி 1981இல் வெளியாயிற்று. வெளிச்சமே புகாத இடத்தில் கூண்டில் அடைத்த துரிஞ்சிலும், சுற்றியிருந்த கூட்டத்தின் நடமாட்டத்தை உணர்ந்து, அதே வேளையில் சிறகடிக்கத் தொடங்கியதாம். கூட்டமற்ற குகையிலோ அந்த ஒழுங்கு நிலைக்கவில்லை.

தாய் ஓர் ஈற்றில் ஒரே குட்டியை ஈனும். நான்கு மாதத்திற்கு மேல் சுமந்து ஈன்ற குட்டியைப் பாலூட்டி வளர்க்கும். எலியைப்போல் விரைவில் பெருகும் பிராணியன்று. ஆகவே ஒரு நாள் இட்ட புகையால் அழிந்த கூட்டம் மீண்டும் பெருகப் பல ஆண்டுகள் செல்லும்.

துரிஞ்சில் ஒன்றே பயிர்ப்பூச்சிகள் யாவற்றையும் ஒழித்துவிடும் என்பதில்லை. எனினும் கூலி கேளாது உழைக்கும் உதவியைத் துரத்துதல் விவேகமன்று. எனவே அங்கத்தினர்கள் கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்வது நலம்:

1. துரிஞ்சில் தங்குமிடத்தில் புகையிடலாகாது.

2. கட்டிடத்தைப் பழுதுபார்க்க நேர்ந்தால், குட்டிகள் பறக்கத் தொடங்கிய பின்னரே, இரவில் யாவும் வெளியேறியதைக் கண்டு துவாரங்களை அடைக்க வேண்டும்.

3. வெறுங்கையால் பிடிக்கலாகாது. கடித்துவிட்டால் காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு நன்கு கழுவி, தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்க.

4. இதன் எச்சம் நல்ல எருவாகும். ஆனால் அதன் தூசி நோய் தரக்கூடுமாதலால், வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டே அள்ளுக.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இதனைப் பேசி, ஊர் மண்டபத்தைச் சுத்தம் செய்யும் காலத்தை இதற்கேற்ப நிச்சயித்துக்கொள்வது ஊருக்கும் பயிருக்கும் நன்மை பயக்கும்.