யானைக்கால் வியாதி: ஆஸ்பத்திரிச் சீட்டில் வரும் சொற்களின் பொருள்

அரியாங்குப்பம், வில்லியனூர், பாகூர் ஆகிய கொம்யூன்களிலுள்ள குடியானவர்கள் பயிருக்கு வரும் நோய்களின் பெயர்களை நன்கறிவர். குலைநோய் இன்னது, இலைச்சுருட்டுப் புழு இன்னது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுவதில்லை. ஆயின் தம் காலில் வீக்கங் கண்டு ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கால், அங்கே வழங்கும் சொற்கள் விளங்காமையால் மருந்தைப் பாதியில் நிறுத்திவிடுவோர் உண்டு. யானைக்கால் வியாதி நெடுங்காலமாகப் புதுச்சேரிச் சீமையில் அறியப்பட்டதாகையால், அதனைச் சார்ந்த சொற்களை ஈண்டு விளக்குவோம்.

பைலேரியா என்பது வியாதியை உண்டாக்கும் புழுவைக் குறிக்கும் பெயராகும். லத்தீன் பாஷையில் நூல் என்று பொருள்படும் சொல்லினின்று இப்பெயர் வந்தது. பெண்புழு 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளமும், ஆண்புழு ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் நீளமும் உள்ளவை. இரண்டும் நூலிழை போல் மெலிந்தவை. இவை வயிற்றுப் புழுக்களைப் போல் குடலில் வசிப்பன அல்ல. நிணநீர்க் குழாய்களில் வசிப்பவை.

நிணநீர் என்பதை அறிய வயலை நினைத்துக்கொள்வது போதும். ரத்தக் குழாய் பாய்கால் என்றால், நிணநீர்க் குழாய் வடிகால். தசைகளிற் கசிந்து மிஞ்சிய நீரைத் திரட்டி மீண்டும் ரத்தத்திற் சேர்ப்பது அதன் வேலை. தொடையிடுக்கிலும் அக்குளிலும் உள்ள நெறிகள் அவ்வடிகாலின் நடுவே அமைந்த சல்லடைகள். அழுக்கையும் கிருமிகளையும் அவை தடுத்து நிறுத்தும். புழுக்கள் ஆண்டுக்கணக்காக அங்கே குடியிருப்பதால் குழாய் விரிந்து கெடுகிறது. வடிகால் கெட்டால் வயல் உவளை பூண்பது போலக் காலில் நீர் தேங்குகிறது. விரைப்பையில் நீர் தேங்கினால் அதனை ஹைட்ரோசீல் என்பர். இது மாத்திரையால் வற்றுவதன்று. சிறு சஸ்திர சிகிச்சையால் தீரும். வெட்கத்தால் இதனை மறைத்துவைப்பது வீண் துன்பமேயாம்.

மைக்ரோபைலேரியா என்பன அப்புழுவின் குஞ்சுகள். கல்கத்தாவில் 1872ஆம் ஆண்டில் டிமதி லூயிஸ் என்னும் வைத்தியர் மனித ரத்தத்தில் இவற்றைக் கண்டார். நம் நாட்டில் பெரிதும் காணப்படும் இனத்தின் குஞ்சுகள் பகலில் உள்ளுறுப்புகளில் ஒடுங்கி, இரவு 10 மணி முதல் 2 மணி வரையில் மேலோட்டமான ரத்தத்தில் மிகுதியாகத் திரியும். ரத்தம் எடுப்போர் இரவில் வீடு தேடி வருவதன் காரணம் இதுவேயன்றி வேறன்று. ரத்தத்திற் குஞ்சுகளிருந்தும் வெளிக்குறி யாதொன்றும் இல்லாதவரைக் கிருமி தாங்கி என்று சொல்லுவர். இவரே ஊருக்கு நோயை வழங்குபவர். கால் பெருத்துப்போன முதியவரின் ரத்தத்திலோ பெரும்பாலும் குஞ்சு இராது. ஆகையால் முதியவரோடு பழகினால் ஒட்டிக்கொள்ளும் என்று ஒதுக்கிவைப்பது அறியாமை.

இனி, குடியானவர்கள் முக்கியமாய் அறியவேண்டிய சொல் அழற்சி என்பது. சூடு, சிவப்பு, வீக்கம், வலி ஆகிய நான்கும் ஒருங்கே தோன்றுவதற்கு இப்பெயர். கால்வீக்கம் உள்ளவருக்கு இடையிடையே குளிருங் காய்ச்சலும் கண்டு, தொடையிடுக்கில் நெறிகட்டி, கால் தீப்பட்டாற் போல் எரியும். அமாவாசை, பௌர்ணமியில் வரும் காய்ச்சல் என்று சிலர் கூறுவர். உண்மையில் இது பெரும்பாலும் சந்திரனாலும் வருவதன்று, புழுவினாலும் வருவதன்று. விரலிடுக்கில் உள்ள சேற்றுப்புண், பித்தவெடிப்பு, முள் தைத்த காயம் ஆகியவற்றின் வழியே நுழையும் பாக்டீரியாக்களால் வருவது. வடிகால் கெட்ட காலில் அவற்றை வெளியேற்ற வழியில்லை. இவ்வாறு காய்ச்சல் வந்துபோகுந்தோறும் தோல் தடித்து வீக்கம் ஏறுகிறது. எனவே சேற்றுப்புண்ணை நடவுக்காலத்து அற்ப உபத்திரவம் என எண்ணலாகாது.

இத்தகைய காய்ச்சல் கண்டால் படுத்திருந்து, காலை உயர்த்தி வைத்து, தாமதமின்றி வைத்தியரிடம் தக்க மருந்து பெறவேண்டும். காலைக் கீறுதல், சுட்ட இலைகளை வைத்துக் கட்டுதல் தகாது. காய்ச்சல் இல்லாத நாட்களில், நல்ல தண்ணீரும் சோப்பும் கொண்டு தினமும் காலை மென்மையாய்க் கழுவி, விரலிடுக்குகளில் ஈரமின்றித் துணியால் ஒற்றி, புண்ணுக்கு வைத்தியர் தரும் களிம்பைத் தடவவேண்டும். செலவு ஒரு சோப்புக் கட்டி. நில உரிமையாளர்கள் இறைவைக் கிணற்றடியில் அக்கட்டியை வைத்து, வேலையாட்கள் கரையேறியதும் கழுவச் செய்வாராயின், நடவிலும் அறுப்பிலும் இழக்கும் ஆள்வேலை பெரிதும் மிஞ்சும். கால்வீக்கமுள்ள ஆளுக்குச் சேற்றுப்புண் கண்டால், ஆறும்வரை அவரைக் களத்து வேலையில் வைப்பதே முறை.

டி.இ.சி. என்று எழுதப்படுவது டைஈதைல் கார்பமசின் என்னும் மருந்தின் சுருக்கம். இது முக்கியமாய்க் குஞ்சுகளை அழிக்கும். அவை மடியுங்கால் சிலருக்குத் தலைவலியும் காய்ச்சலும் தோன்றுவதுண்டு. மருந்து ஒவ்வாமற் போயிற்று என்று இதனைத் தவறாகக் கொண்டு நிறுத்துவோர் பலர். வைத்தியரிடம் சொல்லித் தெளிவு பெறுவதே நன்று. கர்ப்பிணிகளுக்கும் இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்கும் இது கொடுக்கப்படுவதில்லை. 1982இல் காரைக்காலில் இம்மருந்தைச் சமையல் உப்பிற் கலந்து வழங்கும் முயற்சி தொடங்கிற்று.

குயூலெக்ஸ் என்பது இக்குஞ்சுகளைச் சுமக்கும் கொசு. அதன் வயிற்றிற் புகுந்த குஞ்சு பெருகுவதில்லை. 10 முதல் 14 நாட்களில் வளர்ந்து, பிறரைக் கடிக்குங்கால் தோலில் இறங்கும். ஓரிரு கடியால் நோய் வருவது அரிது. மாதக்கணக்கில் பல கடிகள் படவேண்டும். இக்கொசு நெல்வயலின் தெளிந்த நீரை அவ்வளவாக நாடுவதில்லை. சாக்கடை, சாணக்குழி நீர், கக்கூசுத் தொட்டி ஆகியவற்றிலேயே பெருகும். 1975இல் புதுச்சேரியில் ஏற்பட்ட நோய்பரப்பிகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிலையம், 1981 முதல் ஐந்தாண்டுகள் இந்நகரத்தில் இத்தகைய நீர்நிலைகளைச் சீர்செய்து கொசுவைக் குறைத்துக் காட்டிற்று. கிராம உத்தியோகஸ்தர்கள் தெருச் சாக்கடைகளைத் தூர்வாரச் செய்வதோடு, கக்கூசுத் தொட்டிகளின் காற்றுக்குழாய் வாயிலும் கொசுவலைத் துண்டு கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்வையிடுதல் வேண்டும். மூடிய தொட்டியினின்றும் கொசு வெளிவரும் வழி அதுவே.